ஏழாவது கட்டம்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆய்வுத் திட்டம் அறிவித்தார்கள். பத்து இடம். விடுமுறை முழுக்க ஆய்வகம் நமக்கு. விண்ணப்பத்தின் ஏழாவது கட்டத்தில், 'இந்த யோசனைக்கு யாராவது உதவினார்களா?' என்று கேட்டிருந்தது. 'அம்மா' என்று எழுதினேன். கேட்டார்கள், சொன்னேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படிவத்தைக் கண்டவர்கள் கிடையாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடவேண்டும் என்று யார் சொல்வார்கள்? என் பக்கத்து இருக்கைக்காரியின் விண்ணப்பம் முழுவதையும் பேராசிரியரான அவள் அப்பாதான் எழுதினார். அவளுடைய ஏழாவது கட்டம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று துறைத்தலைவர் கூப்பிட்டார்.

"யோசனை உன்னோடதா, அம்மாவோடதா?"

"ரெண்டு பேரோடதும் சார். அம்மா ஆஸ்பத்திரில துணி துவைக்கிறாங்க. ரத்தக்கறையில முதல்லயே வெந்நீர் பட்டா அப்புறம் போகாதுன்னு அவங்கதான் சொன்னாங்க. எத்தனை டிகிரியில அப்படி ஆகுதுன்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைத்தான் கண்டுபிடிக்கணும்."

"சொந்த யோசனையா இருக்கணும்னு விதி. அந்தப் பேரை அடிச்சுட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அடிச்சிடுடி. என் பேரு இருந்தா எனக்கென்ன கிரீடமா வைக்கப் போறாங்க?"

"நீ சும்மா இரு."

"உனக்கு மூக்குக்கு மேல கோவம். இடம் போச்சுன்னா லீவு பூரா என்கூட போர்வை பிழிவ, பாத்துக்க."

படிவத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் 'வெளி ஆலோசகர்: பெயர், தொழில், அனுபவம், கையெழுத்து' என்று ஒரு வரி. ஏழாவது கட்டத்தில் இருந்த 'அம்மா'வை அடித்தேன். இங்கே அம்மாவின் பெயரை முழுசாக எழுதினேன். சலவைத் தொழிலாளி, பத்தொன்பது ஆண்டுகள்.

துறைத்தலைவர் இரண்டு முறை படித்தார். "என்னம்மா இது?"

"படிப்பு கேக்கல சார். அனுபவம்தான் கேட்டிருக்கு."

கையெழுத்துப் போட்டார். "ஆலோசகர் கையெழுத்து அஞ்சு மணிக்குள்ள வேணும்."

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு ஓடினேன். அம்மா கையைத் துடைத்தது போதவில்லை. அவள் போட்ட கோணல் கையெழுத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஈரம் பரவியது.

"இந்தக் கறைய எப்படிப் போக்கறதுன்னும் கேப்பாங்களாடி?"

ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது அலுவலகத்தில் நீட்டினேன்.

"ஈரமா இருக்கே," என்றார் எழுத்தர்.

"காயும்," என்றேன்.

அடுத்த வாரம் பட்டியல் ஒட்டினார்கள். நான் எட்டாவது. பக்கத்து இருக்கைக்காரி முதலாவது.