முன் படமும் பின் படமும்

ஒருவருடைய காரை இடித்து நெளித்தவர் அதைத் திருத்திக் கொடுப்பது கடமை. அதையே கொடையாகச் செய்துகாட்ட எங்கள் பகுதியில் கனகசூரியம் ஒருவரால்தான் முடிந்தது.

அவர் பிரதேச சபையின் முன்னாள் தவிசாளர். அந்த 'முன்னாள்' அவருடைய காதில் விழும்படி யாரும் சொல்வதில்லை. வாவிக்கரையில் ஒரு படித்துறையைத் திறந்துவைத்துவிட்டு ஜீப்பைப் பின்னுக்கு எடுத்தபோது அவர் பின்னால் பார்க்கவில்லை. வழியனுப்ப நின்ற சனத்தை யன்னல் வழியாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கும்பிடுகிற கையால் சுக்கானைப் பிடிக்க முடியாது. மதகோரம் நிறுத்தியிருந்த உதயரூபனின் வெள்ளைக் கார் அடிவாங்கி, ஒரு பக்கத்துக் கதவுகள் இரண்டும் உள்ளே போயின.

தவிசாளர் இறங்கினார். பொலிசுக்குப் போகவேண்டாம், புதிதுபோலத் திருத்திக் கையில் தருகிறேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அதற்கும் சிலர் கைதட்டினார்கள்.

உதயரூபன் கல்யாணத்துக்கும் விமான நிலையத்துக்கும் வாடகைக்கு ஓடுகிறவன். கார் அவனுடைய உழைப்பில் வந்ததல்ல. அண்ணன் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் வாங்கியது. ஊருக்கு வந்து ஒரு தடவையாவது அதை ஓட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த அண்ணன், கடைசியில் பெட்டிக்குள் வந்தார். அந்தப் பெட்டியை ஏற்றிவந்த வாகனத்துக்குப் பின்னால் கொழும்பிலிருந்து ஊர்வரை வந்தது இந்தக் கார்தான்.

இப்போது அதை விற்கவேண்டியிருந்தது. தங்கை ஆர்த்திகாவுக்கு ஆவணியில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்கவேண்டும், மாப்பிள்ளை அங்கேதான் குடிவருவார். ஆர்த்திகாவின் வீடு சுவரோடு நின்றது. கூரைக்குப் பணம் காரில் இருந்தது. கல்முனையில் றஸீனா என்றொரு ஆசிரியை விலை பேசி முடித்திருந்தார். அடிபட்டதை உதயரூபன் அவரிடம் மறைக்கவில்லை. கதவுகள் இரண்டும் போயின, திருத்தித் தருகிறேன் என்றான். அவரும் சம்மதித்தார்.

திருத்தியவர் காத்தான்குடி அப்ஹாம். வேலை முடிந்தபோது எந்தப் பக்கம் அடிபட்டது என்று அவருக்கே ஒருகணம் யோசிக்கவேண்டியிருந்தது.

அத்தோடு சாவியைக் கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். தவிசாளர் கையளிப்பு விழா வைத்தார். விழாவுக்குப் பதாகை வேண்டும். பதாகைக்கு 'முன்' என்று ஒரு படமும் 'பின்' என்று ஒரு படமும் வேண்டும். படப்பிடிப்பாளர் காட்டிய முன் படத்தில் நெளிந்த கதவு இரண்டுதான் இருந்தன. அதைப் பார்த்துத் தவிசாளருக்கு மனம் வாடிவிட்டது. இவ்வளவு சிறிய இடிபாட்டிலிருந்து இவ்வளவு பெரிய மனதை எப்படிக் காட்டுவது? அப்ஹாமின் கராஜ் முற்றத்தில் அதே இனத்து வெள்ளைக் கார் ஒன்று, கூரை ஆசனத்தில் படிய, தகடாகக் கிடந்தது. அதைப் படம் எடுக்கச் சொன்னார்.

அது யாருடையது என்று அவர் கேட்கவில்லை. வாகரை வீதியில் லொறிக்கு அடியில் போன கார் அது. ஓட்டிவந்த பொடியன் அந்த இடத்திலேயே முடிந்துபோனான்.

விழா பிள்ளையார் கோயில் மண்டபத்தில் நடந்தது. காருக்கு மாலை போட்டார்கள். காருக்குச் சொந்தக்காரனுக்குப் பொன்னாடை போர்த்தி, அதற்கு நன்றி சொல்லச் சொன்னார்கள். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையை உதயரூபன் அப்போதுதான் பார்த்தான். 'முற்றாக அழிந்த வாகனத்துக்கு உயிர் கொடுத்த வள்ளல்' என்று எழுதியிருந்தது. இது என்ட கார் இல்லையே என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னான். அவர், மேடையில் சிரித்துக்கொண்டிரு என்றார். அன்று பொழுது சாயமுன் படங்கள் இரண்டும் முகநூலில் ஏறி, வாகரையிலிருந்து கல்முனைவரை எல்லாருடைய கையிலும் இருந்தன. சாவு நடந்த காரை ஊர் அடையாளம் கண்டுகொண்டது.

முதலில் றஸீனா ரீச்சர் அழைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

"தம்பி, நீங்க கதவெண்டுதான் சொன்னீங்க, நான் நம்புறன். ஆனா நாளைக்கு நான் விக்கப்போனா அந்தப் படத்தத்தானே என்ட மூஞ்சிக்கு நேர நீட்டுவாங்க? மையத்து விழுந்த கார் எண்டு எங்கட ஊட்டிலயும் ஏறமாட்டாங்களாம்."

பிறகு வந்தவர்கள் பாதி விலை கேட்டார்கள். கல்யாண ஓட்டம் நின்றுபோனது; மணமகளைப் பிணக்காரில் ஏற்ற யார் துணிவார்கள்? விழா முடிந்து பதாகையை நினைவுப்பொருளாக அவனிடமே கொடுத்திருந்தார்கள். மழை இருட்டியபோது ஆர்த்திகா அதை எடுத்துப் போய்ச் சுவரோரம் அடுக்கியிருந்த சீமெந்துப் பைகளை மூடினாள்.

"தவிசாளர்ட முகம் இதுக்காவது உதவட்டும்" என்றாள்.

அந்த மாதப் பறுவ நாளில், நிலவு முழுசாகும் நாளில், ஓர் அம்மா இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினார். பெயர் கண்ணகை என்றார். ஊர் வாகரைப் பக்கம். கையில் ஒரு பையில் நந்தியாவட்டைப் பூ. தகடாய்ப் போன காரை நல்லதாக்கிவிட்டார்களாம், பார்க்க வந்தேன் என்றார். செத்தவன் அவருடைய ஒரே மகன், போனதும் ஒரு பறுவத்தில்.

உதயரூபன் கதவைத் திறந்துவிட்டான். அவர் பின்னாசனத்தில் ஏறி, ஓட்டுநர் ஆசனத்தின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். இறங்கும்போது அவன் சொன்னான்.

"அம்மா, இது அவர்ட கார் இல்ல. படத்த மாத்திப் போட்டுட்டாங்க."

"நீயும் விக்கணுமே மனே. ஆக்களுக்கு அப்படித்தான் சொல்லணும்" என்றார் அவர், கண்ணாடியில் ஒட்டியிருந்த 'விற்பனைக்கு' அட்டையைப் பார்த்தபடி. "பயப்படாத. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

பூவைக் காரின் முன்பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த பறுவத்துக்கும் வந்தார். விற்க நிற்பவன் சொல்லும் உண்மைக்கு விலை கிடையாது என்பதை உதயரூபன் அப்போது விளங்கிக்கொண்டான். அந்தப் படத்தைப் போட்டவர் வாயால் வந்தால்தான் அது உண்மையாகும். அவன் தவிசாளரிடம் போய்க் கேட்டான். தன்னைப் பொய்யன் என்று தன் வாயாலேயே சொல்லச் சொல்கிறாயா என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகுதான், பிணக்குகளை நீதிமன்றம் போகுமுன் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்கு எழுதினான்: அந்தப் படத்தால் கார் விலையில் குறைந்துபோன தொகையைத் தரவேண்டும்.

சபை சனிக்கிழமை பாடசாலை வகுப்பறையில் கூடியது. மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இலட்சுமிப்பிள்ளை, தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். வீண்பேச்சைக் காயம்போலப் பார்க்கிறவர். தவிசாளர் குழந்தைகளின் வாங்கில் முழங்கால் இடிக்க அமர்ந்து, நன்றி கெட்ட காலம்பற்றிச் சிறிது பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். கார் இப்போது புதிதைவிட நன்றாக இருக்கிறது. அப்படியிருக்க எந்த விலை குறைந்தது? அடிபட்டதே சொற்பம்.

"கதவு ரெண்டும் கொஞ்சம் நெளிஞ்சது, அவ்வளவுதான். அப்ஹாமைக் கேளுங்க."

அப்ஹாம் ஆம் என்றார். கதவு இரண்டையும் மாற்றிப் பூச்சடித்ததைத் தவிர வேறு வேலை இல்லை என்றார்.

உதயரூபன் எழுந்து, கொண்டுவந்திருந்த பதாகையை மேசைமேல் விரித்தான். சீமெந்துத் தூள் பறந்தது. இலட்சுமிப்பிள்ளை கைக்குட்டையால் துடைத்து முன் படத்தைப் பார்த்தார்.

"இதுவா கதவு?"

"அது ஒரு காட்சிக்கு..."

"காட்சிக்கெண்டா?"

"சனத்துக்கு விளங்கணுமே அம்மா."

"என்ன விளங்கணும்?"

தவிசாளர் சுழலாத மின்விசிறியைப் பார்த்தார். கொடை பெரிதாகத் தெரிய இடிபாடு பெரிதாக இருக்கவேண்டும். நட்டஈடு சிறிதாக இருக்க இடிபாடும் சிறிதாக இருக்கவேண்டும். இரண்டையும் ஒரே காரில் ஏற்றமுடியாமல் திணறினார்.

இலட்சுமிப்பிள்ளை சொன்ன வழி இலகுவானது. அதே மண்டபத்தில், அதே முகநூலில், முன் படம் பிழையானது என்று நாலு வசனம் சொன்னால் போதும். காருக்கு விலை திரும்பிவிடும், ஒருவருக்கும் செலவில்லை. சொல்ல விருப்பமில்லை என்றால் விலையில் குறைந்துபோன தொகையைக் கொடுக்கவேண்டும். அதற்கும் சம்மதமில்லை என்றால், இணங்கவில்லை என்று எழுதிக் கொடுப்பார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும், பதாகையும் கூடப் போகும்.

தவிசாளர் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வந்தார். பாதி விலையைக் கொடுத்தாலும் பிழையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கவேண்டும். ஓர் ஏழைக் குடும்பத்தின் கண்ணீரைத் துடைப்பதற்காக, அந்தக் காரை றஸீனா ரீச்சர் பேசிய விலைக்குத் தானே வாங்கிக்கொள்வதாக அறிவித்தார். கைதட்ட யாரும் இல்லை. எழுதிக் கையெழுத்து வைத்தார்கள்.

சாவி கொடுக்கும் நாளில் உதயரூபன் கண்ணாடியில் தொங்கிய சின்னச் சென்ற் போத்தலை மட்டும் கழற்றிக்கொண்டான். அண்ணன் கட்டாரிலிருந்து அனுப்பியது. வாசம் எப்போதோ போய்விட்டது. இறங்கித் திரும்பியவன் நின்றான்.

"சேர், பறுவத்தில ஒரு அம்மா வருவா. நான் சொல்லிப் பாத்தன், நம்பல்ல. நீங்க எங்க இருக்கிறீங்க எண்டு அவக்குச் சொல்லியிரிக்கன்."

ஆர்த்திகாவின் வீட்டுக்கு ஓடு ஏறியது. கார் தவிசாளரின் வாசலில் நின்றது. அவருடைய மனைவி அதில் கால் வைக்க மறுத்துவிட்டார். உண்மையை மனைவியிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் தன் அக்காவிடம் சொல்வார், அக்கா ஊருக்குச் சொல்வார். ஒருநாள் பரிசளிப்பு விழாவுக்குத் தவிசாளரே அதை ஓட்டிப் போனார். மாலையோடு நின்றவர்கள் காரைக் கண்டதும் சற்றுத் தள்ளிப்போய் நின்றார்கள். மாலையை அவரே நடந்துபோய் வாங்கிக்கொள்ளவேண்டியிருந்தது.

பறுவம் வந்தது. கண்ணகை படலையைத் திறந்துகொண்டு வந்து, காரைப் பார்க்குமுன் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நீ நல்லா இரிக்கணும் மனே. தகடாக் கிடந்தத மனிசர் ஏறுற மாதிரி ஆக்கினாயே. என்ட புள்ளய நீதான் எனக்குக் கொஞ்சம் திருப்பித் தந்த."

எத்தனையோ மேடைகளில் அவர் எழுதிக்கொடுத்து வாங்கிய புகழ்ச்சி எதிலும் இப்படி ஒரு வசனம் இருந்ததில்லை. தலையசைத்தால் போதும், அந்த அம்மா ஆயுளுக்கும் அவரை வாழ்த்தியிருப்பார். கண்ணகை பூவைக் காரின்மேல் ஒவ்வொன்றாக வைத்தார். பிறகு கதவருகே நின்று, திறந்துவிடுவார் என்று காத்திருந்தார்.

தவிசாளர் சாவியை எடுக்கவில்லை.

"அம்மா, இது உங்கட மகன்ட கார் இல்ல."

"அந்தத் தம்பியும் இப்படித்தான் சொன்னான்."

"அவனுக்கு விக்கணும், எனக்கு விக்கத் தேவையில்ல. அந்தப் படத்த நான்தான் போடச் சொன்னன்."

கண்ணகை அவருடைய முகத்தைப் பார்த்தார். இந்த முறை நம்பினார்.

"அப்ப அவன்ட கார் எங்க?"

பழைய இரும்புக்கு வெட்டி ஏற்றிவிட்டார்கள் என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

"ஏன் மனே அவன்டதப் போட்டாய்?"

நன்றாக நசுங்கியிருந்தது, அதனால் என்று அவரால் சொல்ல முடியவில்லை. கண்ணகை காரின்மேல் வைத்த பூக்களை எடுத்துத் திரும்பப் பையில் போட்டார். கண்ணாடி துடைப்பானில் சிக்கியிருந்த ஒன்றையும் விடவில்லை.

"வாகரைக்குப் போற பஸ் எத்தினை மணிக்கு?"

படலைக்கு எதிரே, தவிசாளரின் பெயர் பெரிய எழுத்தில் பொறித்த பஸ் தரிப்பிடம் இருந்தது. திறந்துவைத்தவர் அவர்தான். பஸ் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. கண்ணகை வீதியைக் கடந்துபோய் அதற்குள் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் கடந்துபோய், அந்த வாங்கின் மற்ற ஓரத்தில் உட்கார்ந்தார்.