கடிக்காத ஷூ

1

இது கதையாகப் பிறக்கவில்லை. தோல் ஷூ குதிகாலில் உரசினால் என்ன செய்வது என்று ஒரு பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது. "வாசகருக்குப் பயன்படணும் சார்" என்றார் ஆசிரியர். இத்தனை வருடம் எழுதி யாருக்கும் பயன்படாதவன் ஆதலால் உடனே ஒப்புக்கொண்டேன்.

முதல் வரி: 'மனிதனின் கம்பீரம் காலணியில் தொடங்குகிறது.' (அடித்துவிட்டேன். எனக்கே கூசியது.)

இரண்டாவது: 'நடக்கையில் குதிகால் எழும்பினால் ஷூ பெரிது, எழும்பாமல் வலித்தால்…' (இதைக் கடைக்காரரே சொல்வார்.)

உதாரணத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டார். உண்டாக்கினேன். கட்டுரை அங்கேதான் கெட்டது.

2

ஆள், பெரிய துணிக்கடையில் மேற்பார்வையாளர். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை நோய் உண்டு. வேலையில் கறுப்புத் தோல் ஷூ கட்டாயம், உட்காரக் கூடாது. 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்பார் முதலாளி. அந்தக் குடும்பத்தில் நாற்காலி அவருக்கு மட்டும்.

ஷூ கொஞ்சம் பெரிது. குதிகால் எழும்பி எழும்பிப் பின்பட்டையில் உரசியது. ஷூவின் நாக்குக்கு அடியில் மெத்தை ஒட்டிப் பாதத்தைப் பின்னே தள்ளச் சொன்னேன். ஒட்டினார். லேஸை மேல் துளைவரை இறுக்கச் சொன்னேன். இறுக்கினார். (என் பேச்சைக் கேட்ட ஒரே மனிதர்.)

"இன்னும் கடிக்குதாங்க?" என்றாள் மனைவி.

"போட்டிருக்கறது ஷூவா, நாயான்னே தெரியல."

"டாக்டர்தான் இந்த ஷூ வேண்டாம்னாரே. முதலாளிகிட்ட சொல்லுங்களேன்."

"சொன்னேன். 'முடியலன்னா வீட்ல படுத்துக்கங்களேன்'னு ரொம்ப அன்பா சொன்னாரு."

3

சில மாதம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, இப்பல்லாம் கடிக்கவே இல்ல! தோல் பதத்துக்கு வந்துருச்சு."

"நெசமாவா?"

"வலது கால்ல போட்டிருக்கறதே தெரியல!"

கட்டுரைக்கு இதைவிட நல்ல முடிவு ஏது? தோல் இளகியது, சுபம்.

[பின்பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். பலகைபோல் அப்படியே இருந்தது. ஷூ இன்னும் கடிக்கிறது. மரத்துப்போன காலிலிருந்து அவருக்குத்தான் சேதி போகவில்லை.]

4

முடிவுகள்:

அ) நாளையே மருத்துவமனை. கால் பிழைக்கிறது, வேலை போகிறது. (இதுதான் நல்ல முடிவு என்பதைக் கவனிக்கவும்.)

ஆ) முதலாளி மனமிரங்கி நாற்காலி போடுகிறார். (புளுகுக்கும் ஓர் அளவு உண்டு.)

இ) கணுக்காலுக்குக் கீழே…

ஆசிரியர் போன் செய்தார். "என்ன சார், ஷூ சரியாச்சா இல்லையா?"

"ஷூ சரியாயிடுச்சு சார்."

"அப்புறமென்ன, அனுப்புங்க!"

5

அனுப்பவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். மனைவி குனிந்து ஷூவைக் கழற்றுகிறாள். வலது சாக்ஸ் குதிகாலோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது.

"என்னங்க, ஈரமா இருக்கு?"

"வேர்வையா இருக்கும். நல்லா இழு. எனக்கு ஒண்ணும் வலிக்கல."

அவள் கை நின்றுவிட்டது. என்னைப் பார்க்கிறாள்.

நான் உங்களைப் பார்க்கிறேன்.