நாற்பதுக்கு மாறிய வளைவு

காலையிலிருந்து அந்த ஒரு வளைவு என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. சாலை வரையும் மென்பொருளில் எண்பது கிலோமீட்டர் வேகம் என்று கொடுத்திருந்தேன். அந்த வேகத்துக்கு வளைவு சட்டென்று திரும்புகிறது என்று அது சிவப்பாகக் காட்டியது. இடப்பக்கம் நகர்த்தினால் மின்கோபுரம். முன்னாலிருந்தே மெல்லத் திருப்பினால் பள்ளிக்கூடச் சுவர் இடித்தது. வலப்பக்கம் ஒரு குடோன் முதலாளியின் காலி நிலம். புல்கூட முளைக்காத இடம்தான், ஆனால் கோடு அதைத் தொடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. நடுவில் நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

என் தம்பி அந்தப் பாதையில்தான் லாரி ஓட்டுகிறான். இப்போது அது குண்டும் குழியுமாகக் கிடப்பதால் யாராலும் வேகமாகப் போக முடியாது. புதுத் தாரில் நேராகப் பறந்து வருகிறவனுக்குச் சட்டென்று இந்த வளைவு வந்தால்?

மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, இன்னும் அந்த வளைவுலயேவா நிக்கிற?"

"சிவப்பு போக மாட்டேங்குது சார். அந்தக் காலி நிலத்துல கொஞ்சம் எடுத்தா..."

"அந்தப் பேச்சே வேணாம். எண்பதை அழிச்சிட்டு நாப்பது போடு. முன்னாடி ஒரு போர்டு நட்டுக்கலாம்."

போட்டேன். வளைவு இம்மிகூட நகரவில்லை, நிறம் மட்டும் பச்சையானது. இதைத்தான் எங்கள் ஆபீசில் சரிசெய்வது என்கிறார்கள்.

மாடிப்படிக்குப் போய்த் தம்பிக்கு போன் செய்தேன்.

"புது ரோட்ல ஒரு இடத்துல நாப்பதுன்னு போர்டு இருந்தா, நாப்பதுல போவியாடா?"

சிரித்தான். "நாப்பதுல போறதுக்கு எதுக்குக்கா புது ரோடு? ரோடு வந்ததும் தினம் ஒரு நடை கூடுதலா அடிக்கணும்னு ஓனர் இப்பவே சொல்லிட்டாரு."

திரும்பி வந்து எண்பதையே போட்டேன். சிவப்போடு அப்படியே மேனேஜருக்கு அனுப்பினேன். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது.

வேலை போகவில்லை. மறுநாள் அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அச்சிட்ட வரைபடம் அவர் மேஜையில் கிடந்தது. வேறு யாரையோ வைத்து நாற்பதாக்கி, ஒப்புதலுக்கும் அனுப்பியாயிற்று. வடிவமைத்தவர் என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது.

"சார், அந்த வளைவை மாத்துங்க, ப்ளீஸ். இல்லன்னா என் பேரையாவது எடுங்க."

"இவ்ளோ பெரிய ரோட்ல உன் பேரு வருது. சந்தோஷப்படும்மா," என்றார் அவர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுபடி தம்பியைக் கூப்பிட்டேன்.

"அந்த ரோடு வந்தா நீ அதுல போகாதடா. சுத்திக்கிட்டுப் போ. என் தலைமேல சத்தியம் பண்ணு."

"என்னக்கா நீ? எங்கக்கா போட்ட ரோடுன்னு ஸ்டாண்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். நானே போகலன்னா எப்படி?"