ஜன்னலில் வைத்த பாம்பு

நெதர்லாந்தின் லேயுவார்டன் நகரில், எங்கள் தெருவில் யாரும் ஜன்னல் திரையை மூடுவதில்லை. மூடினால், 'அப்படி என்னத்தை மறைக்கிறான்?' என்று ஊர் கேட்கும். அதனால் புதிதாக வாங்கிய பாம்பின் கண்ணாடிப் பெட்டியையும் தெருவோர ஜன்னலில்தான் வைத்தேன். ஒளிந்துகொள்ள உள்ளே ஓர் இடமும் வைக்கவில்லை. ஆசையாய் வாங்கியது ஒளித்து வைக்கவா? போவோர் வருவோர் நின்று பார்க்க, நான் சோபாவில் அமர்ந்து, அதை நானே பெற்றதுபோல் தலையாட்டினேன்.

மூன்று வாரமாகியும், இரையாகப் போட்ட எலியைப் பாம்பு தொடவில்லை. இருபது வருஷமாகப் பாம்பு வளர்க்கும் எதிர்வீட்டு யெல்ட்யே வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா வீபே, இதென்ன கடை பொம்மையா? ஒரு பக்கம் வெயில்ல வேகுது, மறுபக்கம் ஊரே முறைச்சுப் பாக்குது. இப்படி இருந்தா யாருக்குச் சோறு எறங்கும்?"

"எனக்கு எறங்குதே!" என்றேன் வீம்பாக.

அவள் பெட்டியை உள்மூலைக்கு மாற்றி, உடைந்த பூந்தொட்டி ஒன்றை உள்ளே கவிழ்த்து வைத்தாள். மறுநாளே எலியைக் காணோம்.

தெரு ஜனம் மட்டும் பழக்கத்தில் ஜன்னலருகே நின்றது. பாம்பு இல்லாததால் என்னைப் பார்த்தது. நான்காம் நாள், உருளைக்கிழங்கு மசியலைத் தட்டோடு எடுத்துப்போய், கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.