ஊற வைத்த வேட்டித்துணி

கமோடில் படிந்த உப்புக்கறையை எப்படி எடுப்பது என்று கேட்டால் நெய்வேலி டவுன்ஷிப்பில் சும்மா இருக்கிற வாயே கிடையாது. ஒருத்தி ஆசிட் என்பாள், இன்னொருத்தி சோடா மாவு என்பாள், மூன்றாமவள் பழைய பிளேடை வைத்துச் சுரண்டு என்பாள். சொல்கிற மகராசிகள் வீட்டுப் பீங்கானை எட்டிப் பார்த்தால் அதுவும் பழுப்பாகத்தான் இருக்கும். அது கிடக்கட்டும். அபி யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால், ஏன் திடீரென்று இப்போது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் தம்பி அருண்பிரசாத் திருவதிகையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருவதாக இருந்தான், அக்காவை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக. உடம்பு தேறுகிற வரைக்கும் என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தது. அபி மனசுக்குள் வைத்திருந்த கணக்கு வேறு. அவள் திரும்பி வருவதாக இல்லை. இதைப் புருஷன் அன்புச்செல்வனிடம்கூட அவள் சொல்லவில்லை. சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவளாக இருந்தால் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். அபிக்குச் சண்டைகூட வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. போவதற்கு முன் அந்தக் கறையை எடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே எண்ணம்.

ஒரு மாசத்துக்கு முன்னால், நாலாம் மாசத்தில், அந்த லெட்ரினில் வைத்துத்தான் அவள் கரு கலைந்தது. பழைய குவார்ட்டர்ஸ் வீடு. குளிக்கிற அறை ஒரு பக்கம், லெட்ரின் கொல்லைப் பக்கம் தனியாக. முன்னால் குடியிருந்தவர் முட்டிவலிக்காரர், கமோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். அதன் தொட்டி எந்நேரமும் கசியும். கசிந்த வழியெல்லாம் உப்புப் படிந்து, பழுப்பாக ஒரு கோடு இறங்கி, தண்ணீர் நிற்கிற இடத்தில் வளையமாகச் சுற்றியிருக்கும். குடிவந்த நாளிலிருந்து இருக்கிற கறைதான். உப்பு என்று அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் கதவைத் திறந்தபோது அந்தப் பழுப்பு அவள் கண்ணுக்கு உப்பாகத் தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தவள்தான், அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

பின்னே எங்கே போனாள் என்றால், பக்கத்து வீட்டு முனவராவிடம் போனாள். "எங்க வூட்ல தண்ணி வரலக்கா" என்று தினமும் ஒரே பொய். இரண்டு வீட்டுக்கும் ஒரே தொட்டியிலிருந்துதான் தண்ணீர். அபி வீட்டுக் குழாய் வாளியில் கொட்டுகிற சத்தம் முனவரா வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்கும். முனவரா ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. புதுசாக ஒரு சோப்பைப் பிரித்து அங்கே வைத்தாள், அவ்வளவுதான்.

ஆள் ஆளுக்கு வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். சின்ன வயசுதானே, அடுத்தது நல்லபடியா நிக்கும் என்றார்கள். அபி தலையாட்டினாள். டீ போட்டுக் கொடுத்தாள். அதெல்லாம் அவளைப் பெரிதாகத் தொடவில்லை. தொட்டது ஒன்றே ஒன்று. அன்புச்செல்வன் மூன்றாம் நாளே மைன்ஸ் டூட்டிக்குக் கிளம்பிப் போனான். அதுவும் எப்படி? வழக்கமாகப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, அதற்கு முந்தின பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு, பல் தேய்த்த ஈரம் காய்வதற்குள் ஓடினான். ஷிப்ட் முடிந்தும் நேரே வீட்டுக்கு வருவதில்லை. வாராந்தர ஆப் வந்தால் வளையமாதேவிக்கு, அம்மா வீட்டுக்கு என்று காலையிலேயே கிளம்பிவிடுவான். கல்யாணமான புதுசில் ஆப் அன்றைக்குப் படுக்கையை விட்டு எழவே மாட்டான், இழுத்துத் தள்ள வேண்டும். அப்படிப்பட்டவன் இப்போது ஓடுகிறான் என்றால் என்ன அர்த்தம்? என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று அபி முடிவு கட்டிவிட்டாள். கல்நெஞ்சுக்காரன், குழந்தை வந்தது மட்டும் தெரிந்தது, போனது தெரியவில்லை அவனுக்கு. இப்படி நினைத்தபோதுகூட அவளுக்குக் கோபம் வரவில்லை. துணியை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை அன்புச்செல்வன் டூட்டிக்குப் போன பிறகு முனவரா வீட்டுக்குப் போய், "வினிகர் இருக்காக்கா?" என்றாள்.

"ஊறுகாயா போடப் போற?"

"லெட்ரின் கழுவணும்."

முனவரா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை ஒரு நிமிஷம் நின்றது.

"அப்போ தண்ணி வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா."

"வரட்டும், வரட்டும். அதுக்காக நீ இங்க வராம இருந்துடாத." எழுந்து போய் ஒரு முழு பாட்டிலையும் எடுத்து வந்து கொடுத்தாள். "ஆசிட் கீசிட் ஊத்தி வச்சுடாதடி பொண்ணே. பீங்கான் பளபளப்பு போயிடும், அப்புறம் கறை இன்னும் சீக்கிரமா ஒட்டும். தொட்டிக்குப் போற தண்ணிய நிறுத்திடு. உள்ள நிக்கிறத மொண்டு எடுத்துடு. நல்ல மெத்துனு பருத்தித் துணியா கிழிச்சு, இதுல முக்கி, கறை மேலயே ஒட்டி வையி. நாளைக்குக் காலைல வரைக்கும் அப்படியே ஊறிக்கினு கெடக்கணும். நடுவுல யாரும் போவக்கூடாது. உன் வூட்டுக்காரர்கிட்ட சொல்லி வச்சுடு, இல்லன்னா பட்ட பாடெல்லாம் வீணு."

மெத்தென்ற பருத்தித் துணிக்கு அபி தேட வேண்டியிருக்கவில்லை. பீரோவின் அடித்தட்டில், புடவைகளுக்கு அடியில், ஒரு பழைய வேட்டி இருந்தது. துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகிப்போன நாலு முழ வேட்டி. பிறக்கிறதுக்கு முன்னால் குழந்தைக்கென்று எதையும் எடுத்து வைக்கக்கூடாது என்பார்கள். வைத்தது தெரிந்தால் பெரியவர்கள் திட்டுவார்கள் என்று ஒளித்து வைத்திருந்தாள். கிழித்தால் எத்தனை துண்டு வரும் என்று அப்போது மடித்து மடித்துப் பார்த்ததுண்டு. இப்போது எடுத்து, பல்லால் கடித்து ஒரு கீறல் போட்டு, சர்ரென்று கிழித்தாள். கை நடுங்கவில்லை. ஏன் நடுங்கவில்லை என்று அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு லெட்ரின் கதவைத் திறந்தாள். பீங்கானைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே குழாயைத் திருகினாள், தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றினாள், துணியை நனைத்து ஒட்டினாள். ஒவ்வொரு துண்டாக ஒட்ட ஒட்டப் பழுப்பு மறைந்து வெள்ளையானது. எல்லாம் மூடிய பிறகுதான் உள்ளே பார்க்க முடிந்தது. வினிகர் நெடி மூக்கில் ஏறியது. கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.

அன்புச்செல்வனிடம் சொல்லவில்லை. சொன்னால் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். உள்ளே போய்த் தண்ணீர் ஊற்றித் துணியையெல்லாம் கலைத்துவிடுவான், கலைக்கட்டும், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அவன் ஷிப்ட் முடிந்து வந்தான், சாப்பிட்டான், படுத்தான், சாயங்காலம் கடைப்பக்கம் போய்விட்டு வந்தான், மறுபடி சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். விடிவதற்கு முன் கேட் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

வெளிச்சம் வந்ததும் அபி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். துணி ஒன்றுகூட அசையவில்லை. ஒட்டிய இடத்தில் ஒட்டியபடி, ஓரமெல்லாம் காய்ந்து முறுக்கிக்கொண்டு இருந்தது.

முதலில் நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தாள். ஊற்றி நனைக்க வினிகர் பாட்டிலைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு லெட்ரின். நேற்று மத்தியானத்திலிருந்து, கடைப்பக்கம் போன நேரம் தவிர, அந்த மனுஷன் வீட்டில்தான் இருந்தான். ஒன்றுக்கு என்றால் குளிக்கிற அறையிலேயே போய்க்கொள்ளலாம். மற்றதற்கு? முந்தின பஸ், ஷிப்ட் முடிந்து லேட்டாக வருவது, ஆப் அன்றைக்கு வளையமாதேவி, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அடப்பாவி மனுஷா என்று வாய்விட்டே சொன்னாள்.

மத்தியானம் அவன் வந்து தின்பண்டம் வாங்கி வந்த பையை ஆணியில் மாட்டினான். அபி சோறு போடவில்லை.

"நேத்து லெட்ரின் போனீங்களா?" என்றாள்.

உலகத்தில் எந்தப் பெண்டாட்டியும் புருஷனை வாசலில் நிற்க வைத்துக் கேட்டிருக்க மாட்டாள் இந்தக் கேள்வியை. அன்புச்செல்வன் முழித்தான்.

"இதென்னா கேள்வி?"

"போனீங்களா, இல்லியா?"

"போனேன்."

"பொய். உள்ள துணி ஒட்டி வச்சிருக்கேன். அப்படியே கெடக்கு."

அவன் ஷூவைக் கழற்றக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. லேஸ் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே இருந்தான்.

"மைன்ஸ்லயே போயிட்டு வந்துடறேன்" என்றான்.

"எப்பலேர்ந்து?"

"அன்னியிலேர்ந்து."

"மொத பஸ்ஸுக்கு ஓடறது?"

"அதுக்குத்தான்."

"ஆப் அன்னிக்கு வளையமாதேவிக்குப் போறது?"

"அதுக்கும்தான். சும்மா எதுக்கு வந்த, எதுக்கு வந்தன்னு எங்கம்மா கேட்டுகினே இருக்கு. என்னான்னு சொல்றது?"

"என் மூஞ்சியப் பாக்கப் புடிக்கலன்னு நெனச்சுகினு இருந்தேன் நான்."

"உன் மூஞ்சி என்னாடி பண்ணுச்சு எனக்கு?" அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் சாக்ஸ். "உன்ன ஆஸ்பத்திரில சேத்துட்டு, துணி எடுக்கன்னு திரும்பி வந்தேன் பாரு. அப்பத்தான் கழுவுனேன்."

அபி இதுவரைக்கும் முனவரா கழுவியதாகத்தான் நினைத்திருந்தாள்.

"முனவராக்கா நான் கழுவறேன்னு நின்னுச்சு. நான்தான் வாணாம்னுட்டேன். நம்மளுது, அடுத்தவங்க கைல எப்படிக் குடுக்கறது? தரையெல்லாம் கழுவிட்டேன். அப்புறம் உள்ள..." அவன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஃப்ளஷ்ஷ நான்தான் அமுக்குனேன் அபி. என் கையாலதான் அமுக்குனேன். அந்தச் சத்தம் கேக்குது எனக்கு. மைன்ஸ்ல அவ்வளோ பெரிய மெஷின் ஓடுது, அதுலயும் கேக்குது."

அவன் தேம்பித் தேம்பி அழுதான். அபிக்கு அழுகை வரவில்லை. ஆனால் ஒரு மாசமாக மரத்துக் கிடந்தது இப்போது வலித்தது. வலிக்கிறதே என்று அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சமிருந்த ஷூவை அவளே கழற்றினாள்.

"எந்திரிங்க. ஊறினது போதும்" என்றாள்.

கொல்லைப் பக்கம் போய்க் கதவைத் திறந்ததும் அவன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் உள்ளே போய் முதல் துணியை உரித்தாள். துணி ஓரத்தில் பச்சைக் கரை இருந்தது.

"இது என் வேட்டிதான?"

"ஆமா."

"கொழந்தைக்குன்னு குடுத்தது."

"ஆமா."

உள்ளே வந்து, குந்தி உட்கார்ந்து, அடுத்த துணியை அவனே எடுத்தான். எடுத்ததைக் கீழே போடாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கையில் அடுக்கிக்கொண்டான். உப்பு ஊறி நொய்ந்து போயிருந்தது. அபி பிளாஸ்டிக் மூடியால் தள்ளத் தள்ளச் செதில் செதிலாகப் பெயர்ந்து விழுந்தது. அவன் பிரஷ்ஷால் தேய்த்தான். இடம் போதாமல் இருவர் தோளும் இடித்துக்கொண்டன. சாயங்காலம் வரைக்கும் தேய்த்தார்கள். வளையம் போய்விட்டது. கோடு இருந்த இடத்தில் மட்டும் நூல் மாதிரி லேசாக ஒன்று மிச்சம் இருந்தது. அது போகாது போலிருந்தது.

அபி குழாயைத் திறந்துவிட்டாள். தொட்டி நிறைகிற சத்தம் கேட்டதும் அன்புச்செல்வன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நீங்க அமுக்க வாணாம். நான் அமுக்கறேன்" என்று அவனுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் அமுக்கினாள். தண்ணீர் இறங்கியது. உப்புச் செதில்கள் போயின. வெள்ளைப் பீங்கானில் தண்ணீர் அடங்கி நின்றது.

வெளியே வந்து இருவரும் கை கழுவினார்கள். அங்கிருந்து போகலாம் என்று இருவருமே நகரவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. "நானும் அன்னியிலேர்ந்து முனவராக்கா வூட்டுக்குத்தான் போயிட்டு வரேன்" என்றாள் அபி.

"நீ உள்ள போயிட்டு வா" என்றான் அவன்.

"நீங்க போங்க மொதல்ல."

"எனக்கு இன்னும்... நீ போ. நான் இங்கயேதான் நிக்கறேன். பேசிகினே இருக்கேன்."

"என்னாத்த பேசுவீங்க?"

"எதையாவது பேசறேன், போ."

அபி உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். வெளியே அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தான். ஷிப்டில் கன்வேயர் பெல்ட் கிழிந்த கதை. யார் யாரை எப்படித் திட்டினார்கள், சூப்பர்வைசர் எப்படிக் கத்தினார், கேன்டீனில் பொங்கலில் உப்பே இல்லை என்று. ஒரு மாசமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் கதவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அபி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கியது, அவள் துடைக்கவில்லை.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. "அக்கா! மாமா!" என்று தம்பியின் குரல். "பை ரெடியாக்கா?"

அன்புச்செல்வனின் பேச்சு நின்றது. குரல் இறங்கிப்போய், "அபி, உன் தம்பி வந்துட்டான்" என்றான்.

"அங்கயே நில்லுங்க, எங்கயும் போவாதீங்க" என்றாள் அவள் உள்ளிருந்து. "அவன டீ குடிச்சிட்டு ஊருக்குப் போவச் சொல்லுங்க. அடுத்து நீங்க போவணும். நான் வெளிய நிக்கணும்."