பேசாத பரமனுக்கு எட்டுப் பல்

படம் வெளியான வெள்ளிக்கிழமை, இடைவேளை விடுவதற்குள், துளசிமணியின் அறுபது காமிக்ஸ் புத்தகங்களிலும் பச்சைத்தொப்பிப் பரமன் பேச ஆரம்பித்துவிட்டான். பாதிப் படத்தில் எழுந்து வீட்டுக்கு வந்தவள் அலமாரியைத் திறந்ததும் ஒரே இரைச்சல்.

நாற்பது வருடமாக ஒரு வார்த்தை பேசாத காமிக்ஸ் துப்பறிவாளன் அவன்; அவனை வைத்துத்தான் அந்தப் படம். இப்போது கட்டத்துக்குக் கட்டம் குமிழி, குமிழிக்குள் படத்து வசனம். ஒன்பதாவது புத்தகத்தில் டூயட்டே பாடினான்.

துளசிமணி ஈரோட்டுச் சந்தையில் மாட்டுத் தரகு பார்ப்பவள். வாயைத் திறக்காமல் பேரம் முடிப்பதை அவனிடம்தான் படித்தாள். சும்மா விட முடியுமா? துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தியேட்டருக்குத் திரும்பினாள்.

புகார் அறை தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. அவள் நடக்க நடக்க அது தள்ளிப் போனது. வேண்டாமென்று திரும்பி நடந்தாள். அறை ஓடி வந்து முதுகில் இடித்தது. வாங்காமல் போகிறவளை எந்தக் கடைதான் விடும்?

உள்ளே சென்னியப்பன் என்ற அதிகாரி இருந்தார்.

"படம் முழுசாப் பாத்தீங்களா அம்மணி?"

"பாதி."

"அப்ப பாதி ஏமாத்தந்தான் பதிய முடியுமுங்க. மீதியும் பாத்தீங்கன்னா முழுசாக் கெடைக்கும்."

துளசிமணி அவர் கையைப் பிடித்து இருவர் கைமேலும் துண்டைப் போட்டாள். சந்தை வழக்கம் அது. துண்டுக்குள் எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் பேரம். சென்னியப்பன் இரண்டு விரல் கொடுத்தார். இரண்டு புத்தகத்தில் மட்டும் பரமன் வாயை மூடுவானாம். அவள் மேலும் துழாவினாள். ஆறாவதாக ஒரு விரல் தட்டுப்பட்டது.

"இது யாருது?"

"தயாரிப்பாளருதுங்க. அவரு ஊர்ல இல்லீங்க. விரலை மட்டும் வுட்டுட்டுப் போயிருக்காரு."

"எடுத்து அக்கட்ட வைங்க. ஆளக் கூப்புடுங்க. பல்ல எண்ணி வயசப் பாக்காம நான் எதையும் முடிக்கறதில்ல."

சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரிலிருந்து பரமன் இறங்கி வந்தான். வரும்போதே வசனம் பேசிக்கொண்டு வந்தான். துளசிமணி தாடையைப் பிடித்து வாயைத் திறந்தாள். கீழ்வரிசையில் இரண்டே பல்.

"ஏனுங்க, கன்னுக்குட்டிய ஓட்டியாந்து நிறுத்திப்போட்டு இதுதான் என்ற பரமன்ங்கறீங்க? அவன் எட்டுப் பல்லும் போட்டவன்."

"இளசாத்தான் வேணும்னாங்க அம்மணி."

"யாரு?"

அவர் மேசைமேல் கிடந்த விரலைக் காட்டினார். அது மெல்ல மடங்கிக்கொண்டது.

"பெரியவன எங்க கட்டியிருக்கீங்க?"

"ஜெனரேட்டர் ரூம்லீங்க. வசனம் பேசமாட்டேனுட்டாருங்க."

"அவுத்தாங்க. இந்தக் கன்ன நீங்களே வெச்சுப் பால் ஊத்திக்குங்க."

பரமன் வந்தான். தொப்பியெல்லாம் கிரீஸ். கேட்காமலே வாயைத் திறந்து காட்டினான். எட்டு. துளசிமணி துண்டை உதறித் தோளில் போட்டாள். அறுபது புத்தகத்துக்கும் பேரம் அவள் பக்கம் முடிந்தது.

வீட்டில் முதல் புத்தகத்தைத் திறந்து பிடித்தாள். அவன் குனிந்து உள்ளே போனான். வசனங்கள் காலியாகி, வெறும் குமிழிகள் கட்டத்துக்குக் கட்டம் தொங்கின. அவன் ஒன்றைப் பிடுங்கி, இரண்டு தட்டுத் தட்டி, தலைக்கு வைத்துப் படுத்தான்.

அடுத்த கட்டத்தில் வில்லன் துப்பாக்கியோடு காத்திருந்தான். தூங்குகிறவனை எட்டிப் பார்த்தான். பிறகு துளசிமணியைப் பார்த்து, "எழுப்பட்டுங்களா?" என்றான்.

அவள் அவனிடம் ஒரு விரலைக் காட்டினாள்: ஒரு மணி நேரம். அவன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.