ஒரு கைப்பிடி புளிமாவு

கூடப் பிறந்தவனிடம் ‘இரவல்’ என்று யார் சொல்வார்கள்? பக்கத்து வீட்டுக்காரிக்கு ஏணி கொடுத்தால் அது இரவல். சாயங்காலமே போய்க் கேட்டு வாங்கலாம். தம்பிக்குக் கொடுக்கும்போது அந்தச் சொல் வாயில் வராது. வந்தால் அவன் முகம் சுருங்கிவிடும். அதனால்தான் ரொட்டிக்கடை அக்கா, வயிற்றில் ஆபரேஷனுக்குப் போகும்போது, தன் புளிமாவு ஜாடியைத் தம்பி கையில் கொடுத்து, “வச்சுக்கோடா, தினம் கொஞ்சம் மாவும் தண்ணியும் போட்டுட்டு வா” என்றாள். பாழாய்ப்போன வாய்!

அந்தப் புளிமாவு அவள் வருஷக்கணக்கில் வளர்த்தது. அதில் ஒரு பிடி சேர்த்துப் பிசைந்தால்தான் ரொட்டி உப்பும், அவள் கடை மணம் வரும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால், அடுத்த தெருவில் தம்பி கடை திறந்திருந்தான். அவளுடைய வாடிக்கையெல்லாம் அங்கே வரிசையில் நின்றது. சரி, பிழைத்துப் போகட்டும், தனக்கு ஒரு பிடி கிடைத்தால் போதும் என்று கேட்டுப் பார்த்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தான்.

கடைசியில் கடைக்கே போய்விட்டாள்.

“ஒரு பிடிதானேடா கேக்கறேன். எடுக்க எடுக்கப் பொங்கிடும், உனக்கென்ன குறைஞ்சிடப் போகுது?”

“இரவல்னு சொன்னியாக்கா? வச்சுக்கோன்னுதானே சொன்ன?” என்று தம்பி வரிசையைப் பார்த்துக் கண்ணடித்தான். நாலு பேர் சிரித்தார்கள்.

அக்காவுக்கு அடிவயிற்றுத் தையல்வரை பற்றிக்கொண்டு வந்தது. நம்ம தம்பிதானே என்று இத்தனை நாள் பொறுத்தது போதும். கல்லாவைத் தாண்டி உள்ளே போனாள். அடுப்படியில் பீங்கான் ஜாடி கதகதப்பாக உட்கார்ந்திருந்தது, மாவு விளிம்புவரை நுரைத்திருந்தது. பக்கத்தில் டீக்கு வைத்த தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கி, அப்படியே ஜாடியில் கவிழ்த்தாள்.

நுரை அடங்கியது; மாவு வெந்து செத்தது. பெற்ற பிள்ளையைக் கொன்றதுபோல் வயிறு எரிந்தது அவளுக்கு. நெஞ்சு மட்டும் குளுகுளுவென்றிருந்தது.

தம்பி ஓடிவந்து ஜாடிக்குள் கைவிட்டுச் சுட்டுக்கொண்டான். “பாவி, உனக்கும்தானே போச்சு?”

“எனக்கும்தான் போச்சு. நான் முதல்லேர்ந்து வளர்த்துக்குவேன். வருஷமானா ஆகட்டும்.”

அவன் விரலை ஊதிக்கொண்டே ஜாடியைப் பார்த்தான். பிறகு குரல் இறங்கியது.

“எப்படிக்கா வளர்க்கறது?”

அக்கா துணியை மடித்து மேடையில் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள்.